திசைகாட்டி யார் கையில்?

2007 ஏப்ரல் 3 அன்று ஹாங்காங்கில் நீனா வாங் புற்றுநோயால் இறந்தார். வயது 69. ஆசியாவின் பெரும் பணக்காரப் பெண்மணி என்று பத்திரிகைகள் ஓயாமல் எழுதிவந்த பெயர். இரட்டைச் சடையும் குட்டைப் பாவாடையுமாகப் பொது இடங்களில் வலம்வந்தவர். கை இறுக்கத்துக்கும் பேர்போனவர். கணவர் டெடி வாங்கோடு சேர்ந்து வளர்த்த சைனாகெம் நிறுவனத்துக்கு ஹாங்காங் முழுக்கக் கட்டடங்கள் இருந்தன. பிள்ளைகள் இல்லை. அத்தனை சொத்தும் யாருக்கு?

எனக்குத்தான் என்று ஓர் உயிலோடு வந்து நின்றார் டோனி சான். சீனர்களின் மனை சாத்திரமான ஃபெங்சுயி பார்க்கிறவர் என்றே ஊர் அவரை அறிந்திருந்தது.

நீனாவுக்கும் அவருக்கும் பழக்கம் தொடங்கிய கதை பரிதாபமானது. டெடி வாங் 1983-ல் ஒருமுறை கடத்தப்பட்டு, பணம் கொடுத்து மீட்கப்பட்டவர். 1990 ஏப்ரலில் மறுபடியும் கடத்தினார்கள். இம்முறை ஆள் திரும்பவில்லை; உடலும் கிடைக்கவில்லை. சட்டப்படி அவர் இறந்துவிட்டதாக அறிவிப்பு வரவே 1999 ஆகிவிட்டது. கணவர் எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று மனைவி நம்பிக் காத்திருந்த காலத்தில், 1992-ல், காணாமல் போனவரைக் கண்டுபிடிக்க ஃபெங்சுயி உதவும் என்று சொல்லி அறிமுகப்படுத்தப்பட்டவர்தான் டோனி சான். கணவர் கிடைக்கவில்லை. சான் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

சான் சொல்படி சைனாகெம் கட்டடங்களில் பல இடங்களில் குழி தோண்டி, உள்ளே பச்சைக்கல் முதலான பொருள்களைப் புதைத்தார்கள். 2005, 2006 ஆண்டுகளில் மூன்று தவணையாக அவர் கைக்குப் பணம் போனது. ஒவ்வொரு தவணையும் 68.8 கோடி ஹாங்காங் டாலர். மூன்றும் சேர்த்து 206 கோடிக்கு மேல். ஆறும் எட்டும் சீனர்களுக்கு ராசியான எண்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தத் தொகையைப் பார்க்க வேண்டும். நீனா இறந்தபின், 2006 அக்டோபர் 16 தேதியிட்ட உயிலைச் சான் நீட்டினார். மொத்தச் சொத்தும் அவருக்கே என்றது அது. 2002-ல் எழுதிய உயிலோ எல்லாவற்றையும் சைனாகெம் அறக்கட்டளைக்கு என்றது.

வழக்கில் வந்த ஒரு வாதம் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். சான் காட்டும் உயில் போலி என்பதுதான் அறக்கட்டளையின் முதல் வாதம். ஒருவேளை கையெழுத்து உண்மையாகவே இருந்தாலும், அது ஆயுள் நீள்வதற்காக எழுதி எரிக்க வேண்டிய பரிகாரக் காகிதமாகத்தான் இருக்கும், சொத்தை எழுதிவைக்கும் பத்திரமாக இருக்காது என்பது அடுத்த வாதம். உலகின் மிகப் பெரிய சொத்து வழக்கு ஒன்றில், ஒரு காகிதம் உயிலா பரிகாரமா என்று வழக்கறிஞர்கள் வாதாடும் நிலை வந்தது. சானோ தன்னைப் பரிகாரக்காரராகச் சொல்லிக்கொள்ளவில்லை. தான் நீனாவின் காதலர், வந்த பணமெல்லாம் அன்பளிப்பு என்றார். 2010 பிப்ரவரி 2 அன்று நீதிபதி ஜான்சன் லாம் அந்த உயில் போலி என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடுகள் தோற்றன. 2013 ஜூலையில் குற்ற வழக்கிலும் சான் தண்டிக்கப்பட்டார். 12 ஆண்டுச் சிறை.

ஃபெங்சுயி பலிக்குமா என்று அந்த நீதிமன்றம் ஆராயவில்லை. இந்தக் கட்டுரையும் ஆராயப் போவதில்லை. அறிவியல் சோதனையில் நின்று காட்டிய சாத்திரம் அல்ல அது. என் வீட்டுக்கு யாரையும் அழைத்துப் பார்க்கும் உத்தேசமும் எனக்கில்லை. ஆனால் ஹாங்காங், சிங்கப்பூர், கோலாலம்பூரில் மட்டுமல்ல, சென்னையிலும் கோவையிலும் மக்கள் அழைக்கிறார்கள், பணம் கொடுக்கிறார்கள். கொடுக்கப் போகிறவர் யாரிடம் கொடுக்கிறார் என்று தெரிந்து கொடுக்கட்டும். நீனா வாங் ஏமாளி அல்ல. மாமனாரோடு கணவரின் உயிலுக்காக வருடக்கணக்கில் வழக்காடி, 2005-ல் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் வென்றவர். பத்திரம், கையெழுத்து, சாட்சி எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்பேர்ப்பட்டவரிடமும் ஒருவர் பதினைந்து ஆண்டு நிலைத்திருக்க முடிந்தது.

சுவரில் தொங்கும் சான்றிதழ்

மருத்துவருக்குக் கவுன்சில் பதிவு உண்டு, வக்கீலுக்குப் பார் கவுன்சில் உண்டு. ஃபெங்சுயி பார்ப்பவருக்கு அப்படி ஒன்று ஹாங்காங்கிலும் இல்லை, சிங்கப்பூரிலும் இல்லை, இந்தியாவில் கேட்கவே வேண்டாம். சங்கங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் 1993-லேயே ஃபெங்சுயி சொசைட்டி தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் சர்வதேசப் பெயர் கொண்ட அமைப்புகள் உண்டு. இவற்றில் சில, உறுப்பினராகப் பயிற்சி நேரம் கேட்கின்றன, நடத்தை விதிகள் வைத்திருக்கின்றன. அந்த மட்டில் நல்லதே. புகார் சொல்ல ஓர் இடமாவது இருக்கிறது. மற்றபடி சான்றிதழ் என்பது இவர் இன்னார் நடத்திய வகுப்புக்குப் போனார் என்பதற்கு அத்தாட்சி. அந்த இன்னாருக்குச் சான்று கொடுத்தது யார் என்று கேட்டுக்கொண்டே போனால் முடிவில் ஓர் அச்சகம்தான் நிற்கும்.

சீன மரபில் தகுதி என்பது வேறு வழியில் வந்தது. குரு ஒருவரிடம் மண்டியிட்டுச் சீடனாகச் சேர்ந்து, மலை மலையாக அவரோடு சுற்றி, கல்லறைக்கு இடம் பார்ப்பதில் ஆரம்பித்துக் கற்றுக்கொள்வார்கள். ஆம், கல்லறைக்குத்தான். இந்தத் துறையின் ஆதி நூல்களில் ஒன்றாக மதிக்கப்படும், 4-ஆம் நூற்றாண்டின் குவோ பூ பெயரில் வழங்கும் நூல், அடக்கம் செய்வதைப் பற்றியது. வரவேற்பறையில் சோபாவை எங்கே போடுவது என்பதெல்லாம் பிற்காலச் சேர்க்கை. இன்றும் ஹாங்காங்கில் கைதேர்ந்தவரை ‘சீஃபூ’ என்றுதான் அழைப்பார்கள். நம் ஊரில் வாத்தியார், ஆசாரி என்று அழைப்பதில் உள்ள அதே மரியாதை. ஆனால் அந்தக் குரு பரம்பரையும் வாய்வார்த்தைதான். செத்துப்போன குருவைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

மக்கள் சீனத்தில் கதை இன்னும் சிக்கல். 1949-க்குப் பிறகு இது மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்டது. கலாச்சாரப் புரட்சியில் திசைகாட்டிகளும் பழைய சுவடிகளும் கொளுத்தப்பட்டன, பார்ப்பவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். தொடர்ச்சி அறுபடாமல் இருந்தது ஹாங்காங், தைவான், தென்கிழக்காசியச் சீனர்களிடம். அதனால்தான் இன்றைய சந்தையின் மையமும் அங்கேயே இருக்கிறது.

ஒரு வாசலை அளப்பது எப்படி

சான்றிதழை விடுங்கள். ஆள் வேலை செய்வதைப் பாருங்கள்.

லுவோபான் என்ற திசைகாட்டி இந்தத் தொழிலின் உயிர்நாடி. சதுரப் பலகை, அதற்குள் சுழலும் வட்டத் தட்டு, தட்டின் நடுவில் சிறு கிண்ணம்போல் ஒரு குழிவு. ஊசி அதில்தான் ஆடும். குழிவின் அடியில் ஒரு சிவப்புக் கோடும், அதன் ஒரு முனையில் இரண்டு புள்ளிகளும் இருக்கும். பார்ப்பவர் பலகையின் விளிம்பை வாசலுக்கு இணையாகப் பிடித்துக்கொள்வார். இரு கட்டைவிரலால் தட்டை மெல்லத் திருப்புவார். ஊசி அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் சரியாகப் படுத்து, அதன் வால் இரு புள்ளிகளுக்கு நடுவே வந்ததும் நிறுத்துவார். பலகையின் குறுக்கே இழுத்துக் கட்டிய சிவப்பு நூல் எந்த எழுத்தை வெட்டுகிறதோ அதுதான் வாசலின் திசை. ஆன்ஹுய் மாகாணத்தின் வான்ஆன் என்ற சிற்றூரில் இன்றும் இதைக் கையாலேயே கடைந்து, எழுதி, காந்தம் ஏற்றிச் செய்கிறார்கள். சீன அரசு அந்தக் கைவினையைத் தேசியப் பண்பாட்டுச் செல்வங்கள் பட்டியலிலும் சேர்த்திருக்கிறது. சாத்திரம் மூடநம்பிக்கை, அதன் கருவி பாரம்பரியச் சொத்து! அரசுகளுக்கே உரிய சாமர்த்தியம்.

வட்டம் 24 பிரிவு. பிரிவுக்கு 15 பாகை. ஊசி பிரிவின் நட்டநடுவே நின்றால் பிரச்சினை இல்லை. இரண்டு பிரிவுகளின் எல்லையில் நின்றால் ஒரு பாகை வித்தியாசத்தில் பலன் தலைகீழாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அடுக்குமாடி வீடுகளில் தூணுக்குள் கம்பி, பக்கத்தில் லிஃப்ட், கீழே வரிசையாகக் கார்கள். ஊசி ஆடாமல் என்ன செய்யும்? முறையாகக் கற்றவர் வாசற்படியில் ஒருமுறை, நாலடி தள்ளி ஒருமுறை, கட்டடத்துக்கு வெளியே போய் ஒருமுறை என்று அளந்து ஒப்பிடுவார். கைபேசியை நீட்டிப் பிடித்து, “தென்கிழக்கு மேடம், சூப்பர்” என்று சொல்லி உள்ளே நுழைகிறவர், நம்பிக்கையாளர் பார்வையிலேயே தன் தொழிலைச் செய்யவில்லை.

இதைச் செய்யாதவர் எல்லாம் போலி என்றும் சொல்லிவிட முடியாது. இங்கேதான் குழப்பம். மலை, நீர், சாலை, எதிர்க் கட்டடம் ஆகியவற்றின் வடிவத்தைப் பார்க்கும் முறை ஒன்று. பிறந்த ஆண்டைக் கொண்டு ஆளுக்கேற்ற திசை சொல்லும் எட்டு மாளிகை முறை ஒன்று. கட்டடம் எப்போது எழும்பியது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கொண்டு கட்டம் போடும் பறக்கும் நட்சத்திர முறை இன்னொன்று. இவை தவிர, லின் யுன் என்பவர் 1980-களில் அமெரிக்காவில் பரப்பிய கருந்தொப்பிப் பிரிவு இருக்கிறது. அதில் திசைகாட்டியே கிடையாது. வாசல் எந்தத் திசையில் இருந்தாலும், உள்ளே நுழைந்ததும் இடது கோடியில் இருப்பதே செல்வ மூலை. மேற்கத்தியப் புத்தகங்களும் அவற்றைப் பார்த்து இந்தியாவில் எழுதிய புத்தகங்களும் பெரும்பாலும் இந்தப் பிரிவையும் திசை முறைகளையும் ஒரே பக்கத்தில் குழைத்துத் தருகின்றன. ஒரே வீட்டுக்கு இரண்டு செல்வ மூலைகள். வாசகர் விருப்பம்போல் எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க மேஜிக் கலைஞர்கள் பென், டெல்லர் இருவரும் 2003-ல் தங்கள் தொலைக்காட்சித் தொடரில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரே வீட்டுக்கு வெவ்வேறு ஆலோசகர்களைத் தனித்தனியாக வரவழைத்தார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு பொருந்தவில்லை. நகைச்சுவை நிகழ்ச்சிதான், ஆய்வுக்கூடம் இல்லை. ஆனாலும் விஷயம் விளங்கிவிடுகிறது. எனவே முதல் கேள்வி இது: நீங்கள் எந்த முறையில் பார்க்கிறீர்கள்? ஒரு முறையின் பெயரைச் சொல்லி, அதில் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்று விளக்குகிறவரோடு மேற்கொண்டு பேசலாம். “எல்லா முறையும் எனக்குத் தெரியும், உங்களுக்கு எது சரிவருமோ அதில் பார்த்துத் தருகிறேன்” என்பவர் வியாபாரி.

பெரிய இடத்து வாடிக்கையாளர்கள்

ஹாங்காங்கின் புகழ்பெற்ற உதாரணங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், யோசிக்க வைக்கும் ஒரு சங்கதி தென்படும். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த எச்.எஸ்.பி.சி. தலைமையகத்தில் தரைத்தளத்திலிருந்து ஏறும் நகரும் படிகள் கோணலாக வைக்கப்பட்டிருக்கும். ஃபெங்சுயி ஆலோசனைதான் காரணம். 2005-ல் திறந்த ஹாங்காங் டிஸ்னிலேண்டில் நுழைவாயிலை 12 பாகை திருப்பினார்கள். சிங்கப்பூர் ஸ்காட்ஸ் சாலையில் 1970-களில் ஹயாத் ஹோட்டல் வியாபாரம் சோர்ந்தபோது, ஹோங் சூன் என்ற பௌத்தத் துறவி வந்து பார்த்து, முன்கதவுகளைச் சாய்வாக மாற்றச் சொன்னார். இன்றும் சிங்கப்பூர்க்காரர்கள் சொல்லிக்காட்டும் கதை அது.

இவற்றில் ஆலோசகர் செய்தது என்ன? படியின் கோணம், கதவின் சாய்வு, வாயிலின் திருப்பம். கட்டடக் கலைஞரும் பொறியாளரும் இருக்கும் அறையில் இன்னொருவராக உட்கார்ந்து தன் யோசனையைச் சொல்லி, கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். சொன்னதில் கட்டுமானத்துக்கு ஒத்துவந்ததைச் செய்தார்கள். நிறுவனத்தை யார் நடத்துவது, யாருக்குப் பணம் கொடுப்பது, எந்த மருத்துவரைப் பார்ப்பது என்பதெல்லாம் அவர் பேச்சில் வரவில்லை. டோனி சான் விவகாரத்துக்கு நேர் எதிர் இது. நான் சொல்ல வந்ததும் இதுதான்: தகுதியை ஆள் என்ன தெரியும் என்கிறார் என்பதில் தேடுவதைவிட, எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பதில் தேடுங்கள். வாசலைப் பற்றிப் பேச வந்தவர் வாசலோடு நிற்கிறாரா?

ஹாங்காங் அரசாங்கமும் இப்படி ஓர் எல்லை போட்டுத்தான் இதைச் சமாளிக்கிறது. நியூ டெரிடரீஸ் கிராமங்களில் சாலையோ வடிகாலோ வெட்டும்போது, ஊரின் ஃபெங்சுயி கெடுகிறது என்று கிராமத்தார் முறையிட்டால், ‘துன் ஃபூ’ என்ற பரிகாரச் சடங்குக்கு அரசே செலவுத்தொகை தருவதுண்டு. பணம் சடங்குக்கு, திட்டம் தன் வழியில் நடக்கும். (பங்குச் சந்தைக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். சி.எல்.எஸ்.ஏ. என்ற தரகு நிறுவனம் 1992 முதல் சீனப் புத்தாண்டுதோறும் ஃபெங்சுயி குறியீட்டெண் என்று ஒன்று வெளியிட்டுவந்தது. கிண்டல்தான் என்று தெரிந்தும் எல்லோரும் படித்தார்கள்.)

பயம் விற்கும் பருவம்

பறக்கும் நட்சத்திர முறையில் 20 ஆண்டு ஒரு காலகட்டம். ஒன்பது காலகட்டம் சேர்ந்தால் 180 ஆண்டுச் சுற்று. எட்டாவது முடிந்து ஒன்பதாவது 2024 பிப்ரவரி 4 அன்று தொடங்கியது. அதையொட்டி ஹாங்காங், மலேசியா, சிங்கப்பூரில் ஒரே பரபரப்பு. எட்டாம் காலத்தில் கட்டிய வீடுகளுக்கு இனி பலமில்லை, சீக்கிரம் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று விளம்பரங்கள். இந்த மாற்றத்தை நம்புகிறவர்களுக்குள்ளேயே, வீட்டின் காலகட்டம் தானாக மாறுமா, கூரையைப் பிரித்துப் பெரிய மராமத்து செய்தால்தான் மாறுமா என்பதில் தீராத வழக்கு உண்டு. அந்த வழக்கை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறவர் நேர்மையானவர். “நாளாக ஆக ஆபத்து” என்கிறவர், விற்க ஏதோ வைத்திருக்கிறார்.

வருடப் பிறப்பு வந்தால் இன்ன ஆண்டில் பிறந்தவர்களுக்குக் கண்டம் என்று தாயத்து, பதக்கம், உப்புக் கிண்ணம். அறிவுரை சொல்கிறவரே மருந்தையும் விற்பது எந்தத் தொழிலிலும் ஆகாது. இதில் இன்னும் ஆகாது. பொருள் எதுவும் விற்கமாட்டேன் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுகிற ஆலோசகர்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்குக் கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் மொத்தச் செலவு குறையும்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் சதுர அடிக் கணக்கில் வாங்குவது சகஜம். சிவப்பு உறையில் வைத்துக் கொடுப்பது மரபு. நம் ஊரில் தட்சிணை என்று தட்டில் வைப்பதுபோல, உறைக்குள் எவ்வளவு என்று பேசாமல் விடுவதைச் சிலர் பண்பாகவே கருதுகிறார்கள். “உங்களுக்குத் தோணுவதைக் கொடுங்கள்” என்பது கேட்க இனிமையாக இருக்கும். தோன்றுவதற்கு மேல்வரம்பு கிடையாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஈசானியமும் பேய் வாசலும்

தமிழ்நாட்டில் ஃபெங்சுயி தனியாக வருவதில்லை, வாஸ்துவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. ‘வாஸ்து, ஃபெங்சுயி, எண்கணிதம், பெயர் திருத்தம்’ என்று ஒரே பலகையில் எழுதியிருப்பதைப் பார்க்காத நகரம் இல்லை. பரிசுப்பொருள் கடைகளில் சிரிக்கும் புத்தர், சிவப்பு நாடாவில் கட்டிய மூன்று காசு, மூன்று கால் தவளை, காற்றில் கிணுகிணுக்கும் குழாய், கண்ணாடிக் குவளையில் அதிர்ஷ்ட மூங்கில். இவற்றில் பலவற்றுக்குப் பழைய ஃபெங்சுயி நூல்களில் இடமே இல்லை. சிரிக்கும் புத்தர் என்பது புத்தரல்ல, 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் புடாய் என்ற சீனத் துறவி. அந்த மூங்கில், மூங்கிலே அல்ல; டிரசீனா வகைச் செடி, பூர்வீகம் மத்திய ஆப்பிரிக்கா. வாங்கி வைத்தால் அழகுதான். அதை வீட்டின் இன்ன மூலையில் வைத்தால்தான் கடன் தீரும் என்று ஒருவர் கட்டணம் வாங்குவதுதான் உறுத்துகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்பவரிடம் வடகிழக்கைப் பற்றிக் கேளுங்கள். நமக்கு அது ஈசானிய மூலை. கிணறு, போர்வெல், பூஜையறை என்று வீட்டிலேயே புனிதமான இடத்தை அங்கே ஒதுக்குவோம். சீன மரபிலோ வடகிழக்குக்குப் பேய் வாசல் என்று பெயர். ஜப்பானுக்குப் போன அதே எண்ணம் அங்கே இன்னும் அழுத்தமாகப் பதிந்தது. பழைய தலைநகரான கியோட்டோவுக்கு வடகிழக்கே ஹியேய் மலையில் உள்ள என்ரியாகு-ஜி மடாலயம், அந்தத் திசையிலிருந்து வரும் தீங்கைத் தடுத்து நகரைக் காப்பதாகவே கருதப்பட்டது. ஃபெங்சுயி முறைகள் எல்லாமே வடகிழக்கை எப்போதும் விலக்குகின்றன என்று சொல்லிவிட முடியாது. எட்டு மாளிகைக் கணக்கில் சிலருக்கு அது நல்ல திசைதான். ஆனால் நம் ஈசானிய மதிப்பு அதற்குக் கிடையாது.

“வடகிழக்கைப் பற்றி வாஸ்து சொல்வதும் ஃபெங்சுயி சொல்வதும் மோதினால் எதை எடுப்பீர்கள், ஏன்?” இந்த ஒரு கேள்வி போதும். மோதவே மோதாது, இரண்டும் ஒன்றுதான், பஞ்சபூதம்தான் எல்லாம் என்ற பதில் வந்தால் இரண்டையும் படிக்கவில்லை என்று பொருள். வாஸ்துவில் ஆகாயம் உண்டு, உலோகமும் மரமும் இல்லை. சீன ஐந்தில் உலோகமும் மரமும் உண்டு, காற்றும் ஆகாயமும் இல்லை. மனையடி சாஸ்திரம் தெரிந்த பழைய கொத்தனார்கள் இந்த விஷயத்தில் மேல். தங்களுக்குத் தெரிந்த கணக்கைச் சொல்வார்கள், தெரியாததற்கு, “அது நமக்குத் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டுக் கரணையை எடுப்பார்கள்.

அழைப்பதென்று முடிவானால்

மனசு சரியில்லாத நேரத்தில் அழைக்காதீர்கள். தொழில் நொடித்தபோது, வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தபோது, கல்யாணம் தட்டிப்போகும்போதுதான் இந்த எண்ணம் எல்லோருக்கும் வரும். பேரம் பேசும் தெம்பு துளியும் இல்லாத நேரமும் அதுவே. ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். வீடு மாறும்போதோ, புதுக் கடை போடும்போதோ அழைத்தால் நிதானமாகப் பேசலாம். மாற்றங்களும் மலிவாக முடியும்.

தொலைபேசியில் பேசும்போது அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். கட்டடம் எந்த ஆண்டு முடிந்தது, எப்போது குடிவந்தீர்கள், வரைபடம் இருக்கிறதா, எத்தனை பேர், பிறந்த தேதிகள் என்ன என்று கேட்டால் அவர் முறைக்கு அவை தேவை. மாத வருமானம், நகை, அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை உண்டா என்று ஆரம்பித்தால், வீட்டைப் பார்க்க வரவில்லை, உங்களைப் பார்க்க வருகிறார். கட்டணம் எவ்வளவு, அதில் எத்தனை முறை வருவார், எழுத்தில் அறிக்கை தருவாரா, மறுபடி கேள்வி கேட்டால் தனிக் கட்டணமா என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாகவாவது வாங்கிவிடுங்கள். முன்பு பார்த்த வீட்டுக்காரர் இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். பிரபலங்களின் படம் பதிலாக வந்தால், படத்துக்கு நன்றி சொல்லிவிட்டு எண்ணைத் திரும்பக் கேளுங்கள்.

வந்தபிறகு, பரிந்துரைகளில் எது கட்டில், மேசை, விளக்கு, வண்ணம் அளவில் முடியும், எது சுவரை இடிக்கச் சொல்லும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் எந்தச் சுவர் எடை தாங்குகிறது என்பதைத் திசைகாட்டி சொல்லாது. அதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும், குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேண்டும். பொறியாளர் தேவையில்லை என்று சொல்கிற ஆலோசகரை அன்றோடு நிறுத்திவிடலாம். மருந்தை நிறுத்துவது, பத்திரத்தில் கையெழுத்து, வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து, எதையாவது வீட்டுக்கடியில் புதைப்பது, குடும்பத்தாருக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய எந்தச் சடங்கும் இந்த வேலையில் சேராது.

கடைசியாக, அவர் அளந்த திசையை வாய்மொழியாக வாங்காதீர்கள். ‘தென்கிழக்கு’ என்பது போதாது. எத்தனை பாகை என்று எண்ணாக எழுதச் சொல்லுங்கள். மறுநாள் ஸ்டேஷனரிக் கடையில் ஒரு சாதாரணத் திசைகாட்டி வாங்கி, இரும்புக் கதவிலிருந்து நாலடி தள்ளி நின்று நீங்களே பாருங்கள். இரண்டு மூன்று பாகை முன்னே பின்னே இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் 135 என்று எழுதிய இடத்தில் உங்கள் ஊசி 180 காட்டினால், மீதித் தவணையைக் கொடுப்பதற்கு முன் அவரை மறுபடி வரச் சொல்லி, உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள்.